மேடை தேடும் பாட்டு

காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் ஒரு பாட்டு முழுக்க ஓசைதான். ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களை முதலில் அடுக்குகிறார். அடுத்து வாத்தியங்கள் வருகின்றன. குடமுழா, மொந்தை, தக்கை, துந்துபி, மத்தளம், வீணை என்று வரிசை நீள்கிறது. பாட்டு நிகழும் இடம் சுடுகாடு. ஆடுபவர் சிவன், சுற்றி நிற்பவை பேய்கள். தேவார மூவருக்கும் முந்தியது என்பதால்தான் அது மூத்த திருப்பதிகம். இரண்டு பதிகங்களில் ஒன்று நட்டபாடைப் பண், மற்றது இந்தளம். 6ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த ஒரு வணிகக் குடும்பத்துப் பெண், எந்த அரசனையும் அண்டாமல், தன் சொல்லைத் தானே கட்டி, பண்ணில் வைத்துப் பாடியிருக்கிறார். அழகு வேண்டாம் என்று பேயுருவைக் கேட்டு வாங்கிய பிறகு பாடிய பாட்டு அது.

அந்த அம்மையாரின் ஊரில் ஆனிப் பௌர்ணமிக்கு மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். தாவிப் பிடிக்கக் கூட்டம் முண்டியடிக்கும். திருவிழா நாட்களில் இரவு இன்னிசைக் கச்சேரி உண்டு. கீபோர்டு, ரிதம் பேடு, லீட் கிட்டார், பேஸ் எல்லாம் மேடையில் இருக்கும். வாசிக்கிற பையன்கள் கெட்டிக்காரர்கள். பாடுவது மட்டும் சினிமாப் பாட்டு. கந்தூரியானாலும், மாதா கோயில் திருவிழாவானாலும், கல்யாண வரவேற்பானாலும் இதுதான் வழக்கம். பதினைந்து வயதிலிருந்து இந்த மேடைகளின் முன்னால் உட்கார்ந்து வருகிறேன். "இது நான் எழுதிய பாட்டு" என்று சொல்லி ஒருவர் பாட ஆரம்பித்ததை இதுவரை கேட்டதில்லை.

அப்படிச் சொல்லிப் பாடுகிறவர்கள் தமிழில் இருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறார்கள். கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு, பட இயக்குநர் சொன்ன சூழ்நிலைக்காக அல்லாமல் தங்களுக்குத் தோன்றியதைப் பாடியவர்கள். அதை ராக் என்றும், சுயாதீன இசை என்றும், இண்டி என்றும் பல பெயரில் அழைக்கிறார்கள். பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு நாளாக இருந்தும் இந்தப் பாட்டுகள் ஏன் நம் காதுக்கு வரவில்லை? தரம் போதவில்லை என்பது வழக்கமான பதில். பல ஆண்டுகள் கேட்ட பிறகு அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. தமிழில் சினிமாவுக்கு வெளியே எந்தப் பாட்டுக்குச் சொந்தமாக ஒரு மேடை இருந்ததோ அது நிலைத்தது. ராக்குக்கு அந்த மேடை அமையவில்லை.

பக்கத்து ஊர்ச் சான்று

மேடையின் பலத்தைப் பார்க்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தையும் வாஞ்சூரையும் தாண்டினால் நாகூர். 1925இல் பிறந்து 2015இல் மறைந்த நாகூர் இ. எம். ஹனிபா சினிமாவில் பாடியது சொற்பம். அவரைத் தெரியாத தமிழர் அதைவிடச் சொற்பம். இஸ்லாமியப் பக்திப் பாடல்களும் திராவிட இயக்க மேடைப் பாடல்களும்தான் அவர் வாழ்நாள் வேலை. கந்தூரி மேடையும் கட்சி மாநாட்டு மேடையும் ஆண்டு தவறாமல் அவரை அழைத்தன. இசைத்தட்டும் கேசட்டும் அந்த மேடையின் பின்னால் வந்தன. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் குரல் திரைப்படத்தை நம்பியிருந்தால் நாலைந்து பாட்டோடு முடிந்திருக்கும்.

சென்னைக் கானாவுக்குச் சாவு வீடு மேடையாக இருந்தது. கிராமியப் பாட்டுக்குக் கோயில் கொடை. கர்நாடக சங்கீதத்துக்குச் சபா. ஒவ்வொன்றுக்கும் கூப்பிட ஆள், உட்கார இடம், மறுபடியும் கூப்பிட ஒரு தேதி இருந்தன. ராக்குக்குக் கிடைத்ததெல்லாம் கல்லூரி விழா. சென்னை ஐஐடியில் 1974இல் மார்டி கிரா என்ற பெயரில் தொடங்கி 1996இல் சாரங் என்று பெயர் மாறிய விழாவின் ராக் இரவுகளைத் தமிழ்நாட்டின் பெரிய ராக் மேடை என்று சொல்லலாம். கல்லூரி மாணவன் நாலு வருஷத்தில் வேலைக்குப் போய்விடுகிறான். குழு கலைகிறது, கேட்டவர்களும் கலைகிறார்கள்.

கடல் கடந்து வந்த முதல் அலை

எங்கள் கடற்கரையில் 1970களில் இலங்கை வானொலி உள்ளூர் வானொலியைவிடத் தெளிவாகக் கேட்டதாகப் பெரியப்பா சொல்வார். மாலையில் மத்திய அலையைத் திருகினால் அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவின் குரலும் பி. எச். அப்துல் ஹமீதின் குரலும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல் வருமாம். அந்த அலைவரிசையில்தான் தமிழில் முதன்முதலாகத் துள்ளிசை வந்தது. இலங்கையில் அதைப் பொப் இசை என்றார்கள்.

நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாட்டைக் கேட்காதவர்கள் இன்றே கேட்க வேண்டும். 1960களின் பிற்பகுதியில் உருவான பாட்டு. கிட்டாரைத் தட்டிக்கொண்டு, யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில், பக்கத்து வீட்டுக் கதை சொல்வதுபோல் பாடுகிறார். தாளம் பைலா. போர்த்துக்கீசியர் இலங்கையில் விட்டுச்சென்று சிங்களவர் தமதாக்கிக்கொண்ட ஆறெட்டு நடை அது. அதன்மேல் தமிழ் இயல்பாக உட்காருகிறது. அவருடைய கள்ளுக்கடைப் பாட்டில் சிரிப்புக்கு அடியில் ஒரு குடும்பத்தின் துன்பம் ஓடுகிறது. அவர் பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். தமிழ்ப் பொப் இசையின் தந்தை என்று இலங்கைத் தமிழர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். நம் பக்கத்தில் பெயர் சொன்னால் யார் என்று கேட்கிறார்கள்.

ஏ. ஈ. மனோகரனின் கதை வேறு. 'சுராங்கனி' அவரைப் பல மொழிகளில் பாட வைத்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அதைத் தமிழில் எடுத்துக்கொண்டார், மலேசியா வாசுதேவன் பாடினார். தமிழ்நாட்டில் பாட்டு படத்துக்குச் சொந்தமாகிவிட்டது. மனோகரனோ சிலோன் மனோகராக நம் படங்களில் வில்லன் வேஷம் கட்டினார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது பல செய்திகள் அவரை நடிகர் என்றே முதலில் குறிப்பிட்டன. பாட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய இழப்பு எனக்குத் தெரியவில்லை.

இலங்கைப் பொப் இசை தழைத்ததற்குக் காரணம் வானொலி. உள்ளூர்க் கலைஞருக்கு அங்கே நேரம் இருந்தது, இசை நிகழ்ச்சிகளுக்கு ஊர் ஊராகக் கூட்டம் வந்தது. 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு கூட்டமே ஊர் ஊராகச் சிதறியது. அந்த இசை புலம்பெயர்ந்தவர்களின் கல்யாண வீடுகளில் ஞாபகமாக மிஞ்சியிருக்கிறது.

மெட்ராஸ் ஆங்கிலத்தில் பாடியது

அதே காலத்தில் மெட்ராஸிலும் கிட்டார் குழுக்கள் இருந்தன. சிம்லா என்ற சிகரெட்டின் பெயரில் நடந்த சிம்லா பீட் போட்டியில் இந்தியா முழுவதிலுமிருந்து குழுக்கள் கலந்துகொண்டன. 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளின் இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. மெட்ராஸின் கன்ஃப்யூஷன்ஸ் குழுவின் பாட்டும் அதில் இருக்கிறது. ஒலிப்பதிவு கரடுமுரடு. வாசிப்பில் ஒரு வெறி தெரிகிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பிற்காலத்தில் தேடிப் பிடித்து மறுபதிப்புச் செய்தார்கள். பாடியவை எல்லாம் ஆங்கிலம்.

ஆங்கிலத்தில் பாடினார்களே என்று அவர்களைக் குறை சொல்வது எளிது. மொழியின் இயல்பிலேயே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது என்பதைப் பாட்டெழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள். ராக்கின் தாளம் நாலு நாலாகக் குத்தும். ஆங்கிலச் சொல்லில் ஓரசையில் அழுத்தம் விழும். குத்தையும் அழுத்தத்தையும் ஒரே இடத்தில் வைத்தால் பாட்டு நிற்கும். தமிழில் அப்படி ஓரசையைக் குத்திப் பொருளை மாற்றுவது கிடையாது. நீட்டலும் குறுக்கலும்தான் பொருளைத் தாங்குகின்றன. குறிலைக் கொஞ்சம் இழுத்தால் 'கல்' 'கால்' ஆகிவிடும், 'படு' 'பாடு' ஆகிவிடும். மெட்டு இழுக்கிற இடத்தில் நெடில் வந்து நிற்க வேண்டும், தாளம் குத்துகிற இடத்தில் வல்லினம் வர வேண்டும். திரைப்பாடலாசிரியர்கள் பல பத்தாண்டுகள் பழகி இதைக் கைவசப்படுத்தினார்கள். இருபது வயதில் கிட்டார் தூக்குகிறவனுக்கு ஆங்கிலத்தில் முன்மாதிரி ஆயிரம் இருந்தது. தமிழில் தானே வழி வெட்ட வேண்டியிருந்தது.

சென்னை ஆங்கிலத்தில் பாடியதில் ஒதுக்க முடியாதவையும் உண்டு. நான் முதலில் கை காட்டுவது ஆடம் அண்ட் தி ஃபிஷ் ஐட் போயட்ஸ். குழுவின் பெயர்போலத் தோன்றும், உண்மையில் கிஷோர் கிருஷ்ணா என்ற ஒருவரின் வேலை. 2009இல் 'ஸ்னேக்கிஸம்', 2010இல் 'டெட் லூப்ஸ்'. வீட்டில் பதிவு செய்த ஆல்பங்கள். மத்தியதர வர்க்கத்து இளைஞன் ஒருவனின் கோபமும் தனிமையும் ஒவ்வொரு பாட்டிலும் எரிகிறது. இந்தியாவில் வந்த சிறந்த ராக் ஆல்பங்களைச் சொல்லச் சொன்னால் இந்த இரண்டையும் விட்டுவிட்டுச் சொல்ல மாட்டேன். அவர் ஊரிலேயே அவரைக் கேட்டவர்கள் சில ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். 2006 வாக்கில் தொடங்கிய ஸ்க்ராட் குழுவின் முரட்டு கிட்டாரும், எஃப்16ஸ் குழுவின் 2016ஆம் ஆண்டு ஆல்பமான 'ட்ரிகர்புங்க்டே'யின் பளபளப்பும் அடுத்துக் கேட்க வேண்டியவை. எஃப்16ஸை வெளியூர் விழாக்கள் அறியும். தஞ்சாவூர் அறியாது.

தமிழுக்குத் திரும்பிய வழி

தஞ்சாவூர்க்காரர் ஒருவர்தான் வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவர். ரெட்டிப்பாளையத்து அந்தோணிதாசன் கரகாட்ட மேடையிலும் தவில், நாதஸ்வரக் குடும்பச் சூழலிலும் வளர்ந்தவர். டர்புகா சிவா, பிரதீப் குமார் போன்றவர்களோடு அவர் சேர்ந்த லா பொங்கல் குழுவில் நடந்தது வெறும் கலப்பு அல்ல. நாட்டுப்புறப் பாட்டுக்குப் பின்னால் கிட்டாரைச் சும்மா ஒட்டவைத்த முயற்சிகள் நிறைய வந்திருக்கின்றன, பெரும்பாலும் சலிப்பூட்டுபவை. லா பொங்கலில் அந்தோணிதாசனின் குரல்தான் தாளத்தை நடத்துகிறது, வாத்தியங்கள் அவர் மூச்சுக்குக் காத்திருக்கின்றன. அவருக்கு முன்பே பேஸ் கலைஞர் பால் ஜேக்கப் கிராமியப் பாடகர்களை ராக் வாத்தியங்களோடு மேடையேற்றி இந்த வேலையைத் தொடங்கியிருந்தார். அவர் பெயர் போதுமான அளவு சொல்லப்படவில்லை.

அந்தோணிதாசனை சினிமா அழைத்துக்கொண்டது. பிரதீப் குமாரையும் அழைத்துக்கொண்டது. நாவலாசிரியர் சாண்டில்யனின் பேரன் ஷான் ரோல்டன் தன் நண்பர்களோடு நடத்திய குழுவிலிருந்து இசையமைப்பாளராகப் போனார். அவர்கள் போனதில் தவறில்லை. வயிறு இருக்கிறது, சினிமாவில் அவர்கள் செய்த வேலையும் நல்ல வேலை. போன பிறகு அந்தக் குழுக்களின் பழைய பாட்டுகளைப் பாட யாரும் இல்லாமல் போனதுதான் வருத்தம்.

சினிமாவின் மெட்டையும் மொழியையும் முழுதாக உதறியவர் என்று நான் நினைப்பது கபேர் வாசுகியை. 2010களின் தொடக்கத்தில் எளிய கருவிகளோடு பதிவு செய்து அவர் வெளியிட்ட 'அழகு புரட்சி'யில் குரல் பாடகர் குரல் அல்ல. பேசுகிற குரல். மேலே நான் சொன்ன குறில், நெடில் சிக்கலை அவர் தீர்த்த விதம் துணிச்சலானது: மெட்டைப் பேச்சின் பின்னால் நடக்க விட்டார். சொல் எங்கே முடிகிறதோ அங்கே பாட்டு மூச்சு விடுகிறது. முதல் தடவை கேட்கும்போது பாதியில் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். மூன்றாவது தடவையில் அந்தக் குரல் உங்களிடம் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிக்கொண்டிருப்பது புரியும். அவரும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்த குரங்கன் குழு அதே பேச்சுத் தமிழோடு அரசியலைப் பாடியது.

தென்மா அடுத்துச் செய்தது பெரிய காரியம். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தோடு சேர்ந்து அவர் திரட்டிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. 'சாதிபேதமற்ற தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த அடையாளத்திலிருந்து வந்த பெயர். பத்தொன்பது பேர். டோலக், சட்டி, கட்ட மோளம், பறை ஆகியவற்றோடு டிரம்ஸும் கிட்டாரும். கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும் ஒரே மைக்கைப் பகிர்ந்தார்கள். 'மகிழ்ச்சி' ஆல்பத்தைக் கேட்டால் தமிழ் ராக்குக்கு எது குறைவாக இருந்தது என்று தெரிந்துவிடும். தனக்காகப் பாடுகிறார்கள் என்று நம்பிக் கேட்கிற ஒரு கூட்டம் குறைவாக இருந்தது. அந்த மேடையிலிருந்து வந்த இசைவாணியை 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' சபாக்களின் மாதத்திலேயே பறைக்கும் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மேடை போட்டது. ஆண்டுதோறும் திரும்பி வருகிற தேதி, மேலே சொன்னேனே, அது இங்கே கிடைத்தது.

ராப் பாடகர் அறிவு கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் இருந்தவர். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' கோடிக்கணக்கானவர்களைப் போய்ச் சேர்ந்தது. அதைக் கேட்டவர்களில் 2019இல் அவரும் ஆஃப்ரோவும் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தைத் தேடிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குக் கவலை. ஒரு பாட்டு ஓடினால் ஆள் ஓடிவிட்டார் என்று நினைக்கிறோம். 'தெருக்குரல்' முழுதாகக் கேட்க வேண்டிய வேலை. ராக் அல்ல, ராப். ஆனால் வரியில் உள்ள சினம் எந்த கிட்டாருக்கும் குறைந்ததில்லை.

வெளியே போன குரல்கள்

காரைக்கால்காரனுக்குக் கடலுக்கு அப்பால் என்றால் இலங்கைக்கு அடுத்து பிரான்சு. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர், 1954இல்தான் இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கிய சொல்தாக்களின் வீடுகள் எங்கள் தெருக்களில் இன்னும் உண்டு. அப்படி ஒரு தாத்தா வீட்டில், விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து வந்த பேரன் போட்ட குறுந்தகட்டில்தான் சுஷீலா ராமனை நான் முதலில் கேட்டேன். லண்டனில் பிறந்த தமிழ்ப் பெண். பெற்றோரின் வேர் தஞ்சைப் பக்கம். 2001இல் வந்த முதல் ஆல்பம் 'சால்ட் ரெயின்' பிரிட்டனின் மெர்க்குரி விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. பிரான்சில் அவருக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது.

2011இல் அவர் வெளியிட்ட 'வேல்' இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லா ஆல்பத்திலும் எனக்கு நெருக்கமானது. முருகன் பாட்டுகளை மின்கிட்டாரோடு பாடுகிறார். காவடி எடுத்தவர் சாமி வந்து ஆடுவதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டுகளின் வேகம் அந்நியமாக இருக்காது. குரல் சில இடங்களில் உடைகிறது, சுத்தம் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுடுகாட்டில் பாடிய அம்மையாரின் ஊரில் பிறந்தவனுக்கு அந்த உடைசல் பக்தியாகவே கேட்கிறது. பாடல் பெற்ற தலங்களின் நடுவில் வாழ்கிற நாம் இந்த ஆல்பத்தைத் தவறவிட்டது எனக்கு ஆற்றாமை.

சிங்கப்பூரின் ருத்ரா 1992இலிருந்து டெத் மெட்டல் வாசிக்கிற குழு. கதிர் பாடுகிறார். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த 'பிரம்மவித்யா' மூன்று ஆல்பங்களில் வேதாந்தத்தை உறுமலில் பாடுகிறார்கள். எல்லோருக்கும் ஒத்துவராது. புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லிலும் ஒரு குழு உண்டு. இங்கிலாந்தில் பிறந்து, சாலிட்யூட் பண்ணையில் இயற்கை விவசாயம் செய்யும் கிருஷ்ணா மெக்கன்சியின் எமர்ஜென்ஸ். வயலில் பழகிய தமிழில் அவர் பாடுவதைக் கேட்டால், தமிழில் ராக் வராது என்று சொன்னவர்களை நினைத்துப் பரிதாபமாக இருக்கும். மலையாளத்தில் 2008இல் அவியல் குழு ஒரே ஆல்பத்தில் தாய்மொழி ராக்குக்குக் கதவைத் திறந்தது. அந்தக் கதவுக்குள் அதன் பிறகு நிறையப் பேர் போனார்கள். தமிழில் ஒவ்வொருவரும் புதுக் கதவு வெட்டுகிறார்கள்.

சின்ன ஊர் போதும்

இதெல்லாம் சென்னை, சிங்கப்பூர், லண்டன் சமாச்சாரம், காரைக்காலில் என்ன நடக்கும் என்று கேட்கலாம். 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தின் மக்கள்தொகை 2,00,222. நியூசிலாந்தின் தெற்குப் பகுதியில் டனீடின் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. மக்கள்தொகை நம்மைவிடக் குறைவு. 1981இல் தி க்ளீன் என்ற அந்த ஊர்க் குழு 'டாலி ஹோ' என்ற பாட்டைச் சொற்பப் பணத்தில் பதிவு செய்தது. புதிதாகத் தொடங்கிய ஃப்ளையிங் நன் என்ற சின்ன நிறுவனம் அதை வெளியிட்டது. நாட்டின் முதல் இருபது பாட்டுகளில் ஒன்றாக அது ஏறியது. கிறிஸ் நாக்ஸ் என்பவரின் நாலு தட டேப் எந்திரத்தில் அடுத்தடுத்துப் பதிவுகள் வந்தன. ஊரில் வாசிக்க விடுதிகளும் கூடங்களும் இருந்தன, கேட்க மாணவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் கிட்டார் வாசிக்கிற இளைஞர்கள் டனீடின் ஓசை என்று தனியாகவே ஒரு வகையைச் சொல்கிறார்கள்.

நம் நாட்டிலேயே ஷில்லாங் இருக்கிறது. லூ மஜாவ் என்ற கலைஞர் 1972 முதல் மே 24ஆம் தேதி தவறாமல் பாப் டிலனின் பிறந்தநாள் கச்சேரி நடத்துகிறார். ஒரு மனிதரின் பிடிவாதம் ஒரு தேதியை ஊருக்குச் சொந்தமாக்கியது. ஷில்லாங்கில் ராக் ஏன் வேர் பிடித்தது என்பதற்குத் தேவாலயப் பாடகர் குழு, ஆங்கிலக் கல்வி என்று காரணங்கள் அடுக்குவார்கள். காரைக்காலுக்கும் தேவாலயம் உண்டு, தர்கா உண்டு, கோயில் நாதஸ்வரம் உண்டு, திருவேட்டக்குடியில் நாடு முழுவதிலுமிருந்து வந்து படிக்கிற என்ஐடி மாணவர்கள் உண்டு. கிட்டார் வைத்திருக்கிற பையன் தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். அவன் கடற்கரையில் அரசலாற்று முகத்துவாரத்தில் உட்கார்ந்து வாசிப்பதும் சினிமாப் பாட்டுத்தான். வேறு பாட்டு இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

இப்போது கேட்பதற்குத் தடை பணமல்ல. நான் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை கைபேசியில் கிடைக்கின்றன. தடை பழக்கம். கைபேசி நாம் நேற்றுக் கேட்டதையொத்த ஒன்றையே இன்றும் எடுத்து வைக்கிறது, முப்பது வினாடித் துண்டுகளாக. ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை, எழுதியவர் அடுக்கிய வரிசையில் கேட்பது அருகிவிட்டது. சினிமாப் பாட்டுக்கு அது தேவைப்பட்டதில்லை, ஏனென்றால் அதன் கதை திரையில் இருந்தது. 'அழகு புரட்சி'க்கும் 'மகிழ்ச்சி'க்கும் 'வேல்'லுக்கும் திரை கிடையாது. பாட்டுகளின் வரிசைதான் கதை. மூன்றாவது பாட்டில் எழும் கோபத்துக்குப் பதில் எட்டாவது பாட்டில் இருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் வரிசை இது. முதலில் நித்தி கனகரத்தினம், வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து. பிறகு லா பொங்கல். அதன் பிறகு கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் 'மகிழ்ச்சி', சத்தமாக. 'வேல்' ஓர் இரவில், தனியாக. 'அழகு புரட்சி'யைக் கடைசியில் வையுங்கள், அதற்குள் காது பழகியிருக்கும். ஆங்கிலம் ஒத்துவந்தால் 'ஸ்னேக்கிஸம்'.

கேட்டு முடித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரான்சில் 1982 முதல் ஜூன் 21ஆம் தேதியை இசைத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று பாடலாம், கேட்பது இலவசம். புதுச்சேரியிலும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். தமிழ்க் கணக்கில் அது ஆனி மாதத்தின் முதல் வாரம், மாங்கனித் திருவிழாவுக்குப் பக்கத்தில். காரைக்காலிலும் அன்று சாயங்காலம் கடற்கரையில் ஒரு மேடை போட வேண்டும். இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், நாலு மைக் போதும். பாட வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருக்கட்டும்: பாட்டு அவர்கள் சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும். நகராட்சியோ, கல்லூரி மாணவர் மன்றமோ, வணிகர் சங்கமோ, காரைக்கால் பண்பலையோ யார் முன்வந்தாலும் நாற்காலி போடவும் ஒயர் இழுக்கவும் நான் வருகிறேன்.